கிரியாட்டினினுக்குக் கீழே இன்னொரு எண்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்கள், மற்றும் அரசு, தனியார் ரத்தப் பரிசோதனைக்கூடங்களின் பொறுப்பாளர்கள்.

வணக்கம்.

ஒரு சிறுநகரத்து லேபில் உயிர்வேதியியல் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். இந்த மடலில் முதன்மையாகக் கேட்பது ஒரே ஒரு விஷயம். தமிழ்நாட்டில் எந்த லேபில், யாருக்குச் சிறுநீரகச் சோதனையாக ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற தசைக் கழிவைப் பார்த்தாலும், அந்த எண்ணுக்குக் கீழே இஜிஎஃப்ஆர் என்ற எண்ணையும் கட்டாயமாக அச்சிட வேண்டும் என்று உத்தரவு போடுங்கள். சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகின்றன என்பதன் மதிப்பீடு அது. இதற்குப் புது இயந்திரம் வேண்டாம். புது ரீஏஜென்ட், அதாவது சோதனை ரசாயனம், வேண்டாம். நோயாளியிடமிருந்து ஒரு சொட்டு ரத்தம்கூட அதிகமாக எடுக்க வேண்டாம். வயது, ஆணா பெண்ணா என்பது, கிரியாட்டினின் அளவு, இந்த மூன்றும் தெரிந்தால் போதும். கணக்கைக் கணினியோ கைப்பேசியோ போட்டுவிடும்.

ரத்தத்தில் சிறுநீரக நோயைக் காட்டிக்கொடுக்கும் புதுப்புது மூலக்கூறுகளைப் பற்றி இப்போது நிறையப் பேசப்படுகிறது. அவற்றில் எனக்கும் ஆர்வம் உண்டு. அவற்றில் சில நம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு உடனே வர வேண்டும் என்றும் கேட்கப் போகிறேன். ஆனால் நூறாண்டுக்கும் மேலாகக் கையில் இருக்கும் கிரியாட்டினினையே நாம் சரியாகப் படிப்பதில்லை என்பது என் ஆதங்கம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 25 வயது இளைஞர், மூட்டை தூக்கும் தொழிலாளி. இன்னொருவர் 62 வயது அம்மா, மெலிந்த உடம்பு. இருவருக்கும் கிரியாட்டினின் 1.1. ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே இயல்பு அளவு 0.6 முதல் 1.2 வரை என்று இருக்கிறது. இரண்டு பேரின் எண்ணும் அதற்குள் அடங்கிவிடுவதால், இருவருமே 'நார்மல்' என்று வீட்டுக்குப் போகிறார்கள். இப்போது இஜிஎஃப்ஆரைக் கணக்கிட 2021-ல் வெளியான சிகேடி-எபி என்ற சமன்பாட்டில் அதே எண்களைப் போட்டுப் பாருங்கள். இளைஞருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 95 மில்லி வருகிறது. அம்மாவுக்கு 57. அறுபதுக்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய், அதிலும் குறைந்தது மூன்றாம் நிலை என்று உலகம் முழுக்க ஏற்றுக்கொள்ளப்பட்ட வரையறை சொல்கிறது. ஒரே 1.1 ஒருவருக்கு நல்ல செய்தி, மற்றவருக்கு எச்சரிக்கை. எழுபது வயதுப் பெண்ணுக்கு 1.2 என்று வந்தால் கணக்கு 49 காட்டும். அப்போதும் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து விழாது, நட்சத்திரக் குறி விழாது.

அந்தத் தாளை வாங்கிப் போன பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் என்னை எழுத வைத்தது. மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் என்ற, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய வலி மாத்திரையைக் கேட்டு வாங்குவார்கள். கிரியாட்டினின் நார்மல்தானே என்று மருத்துவரும் வலி ஊசியை எழுதித் தருவார். சர்க்கரை மாத்திரையின் அளவு அப்படியே தொடரும். அப்புறம் ஒரு நாள் கால் வீங்கி, மூச்சு வாங்கி வரும்போது கிரியாட்டினின் 6 அல்லது 7 என்று இருக்கும். வீட்டார் பழைய ரிப்போர்ட்களை எல்லாம் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்து எடுத்துக் கொடுப்பார்கள். 0.9, 1.0, 1.1, 1.2 என்று வருடத்துக்கு வருடம் ஏறிய வரிசை அதில் தெளிவாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நார்மல் என்று இருக்கும். அந்த வரிசையைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு பொறுப்பதில்லை. தகவல் அந்த வீட்டிலேயே இருந்தது. படிக்கத் தெரிந்த வடிவத்தில் மட்டும் இல்லை.

கிரியாட்டினின் ஏன் இப்படி ஏமாற்றுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்குவது நல்லது, ஏனென்றால் உத்தரவு போடுகிறவர்கள் எல்லாரும் மருத்துவர்களாக இருக்க மாட்டார்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிறது. தசை அதிகம் உள்ளவருக்கு ரத்தத்தில் அது இயல்பாகவே அதிகம், மெலிந்தவருக்குக் குறைவு. வடிகட்டும் திறன் பாதியாகும்போது ரத்தத்தில் அது தோராயமாக இரட்டிப்பாகிறது. 0.5-ல் இருந்த ஒரு மெலிந்த பெண்ணுக்கு இரட்டிப்பு என்றால் 1.0. பாதிச் சிறுநீரகம் போய்விட்டது, எண் இன்னும் கோட்டுக்குள்ளேயே இருக்கிறது. மேலும், சிறுநீரகம் நன்றாக இருக்கும் கட்டத்தில் பெரிய இழப்புக்குக்கூட இந்த எண் கொஞ்சமாகத்தான் நகரும். கடைசிக் கட்டத்தில் சின்ன இழப்புக்கே தாவி ஏறும். நம் ஊர்களில் முதியவர்கள், காசநோய் வந்து தேறியவர்கள், ஒரு வேளைச் சோற்றில் நாளை ஓட்டுகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் தசை குறைவு. அதாவது யாருக்கு நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டுமோ அவர்களிடம்தான் கிரியாட்டினின் அதிகம் மௌனமாக இருக்கிறது.

அளக்கும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மானியர் 1886-ல் கண்டறிந்த, கிரியாட்டினினோடு பிக்ரிக் அமிலமும் காரமும் சேர்த்தால் ஆரஞ்சு நிறம் வரும் வினையைத்தான் பல சிறு லேப்களின் செமி ஆட்டோ அனலைசர் என்ற பாதித் தானியங்கி இயந்திரங்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. மலிவு, வேகம். ஆனால் மஞ்சள் காமாலை உள்ளவரின் ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் இந்த அளவைக் குறைத்துக் காட்டும். சர்க்கரையும் கீட்டோன்களும் மிக அதிகமாக இருந்தால் கூட்டிக் காட்டும். செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகளில் சிலவும் கூட்டிக் காட்டும். என்சைம் முறையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, கிட் விலை அதிகம். எல்லா இடத்திலும் உடனே மாற்றச் சொல்லவில்லை. குறைந்தபட்சம் எந்த முறையில் அளக்கப்பட்டது, சர்வதேசத் தரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்யப்பட்ட கிட்தானா என்பது ரிப்போர்ட்டில் ஒரு வரியாக இருக்க வேண்டும். சரிசெய்யப்படாத கிரியாட்டினினை நல்ல சமன்பாட்டில் போட்டாலும் தப்பான விடைதான் வரும்.

'சரி, எங்களிடம் சிறுநீர்ச் சோதனைத் திட்டம் இருக்கிறதே' என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதம் பார்த்து நோயைப் பிடிக்கும் முயற்சியைத் தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கியது. அதை மனதாரப் பாராட்டுகிறேன். சர்க்கரை நோயால் வரும் சிறுநீரகக் கோளாறுக்குப் பெரும்பாலும் முதல் அறிகுறியே சிறுநீரில் வரும் அல்புமின் என்ற புரதம்தான். ஆனால் தமிழ்நாட்டில் வேறு ஒரு கூட்டம் இருக்கிறது. வெயிலில் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்யும் விவசாயத் தொழிலாளிகள். சர்க்கரையும் கிடையாது, ரத்த அழுத்தமும் கிடையாது, சிறுநீரகம் மட்டும் கெட்டுப்போகிறது. காரணம் முழுமையாகத் தெரியாத இந்த நோய் ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியில் இருக்கிறது, இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் மெதவாச்சிய, பதவிய பக்கம் இருக்கிறது, மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரி சிறுநீரக மருத்துவர்கள் நம் மாநில விவசாயத் தொழிலாளிகளிடையே நடத்திய ஆய்வு 2025-ல் வெளிவந்தது. சோதித்தவர்களில் ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை.

இந்த வகை நோய் வடிகட்டியைவிட அதை அடுத்துள்ள நுண்குழாய்களையும் அவற்றைச் சுற்றிய திசுவையும்தான் முதலில் தாக்குகிறது. அதனால் சிறுநீரில் புரதம் அதிகம் ஒழுகாது. பலருக்கு ஒழுகவே ஒழுகாது. சிறுநீரில் முக்கும் சோதனைத் துண்டு நிறம் மாறாமல் 'நெகட்டிவ்' என்று காட்டும். வயலில் வேலை பார்க்கும் ஒரு மனிதரிடம் துண்டை மட்டும் பார்த்து 'உனக்கு ஒன்றுமில்லை' என்று அனுப்பினால், அவரைத் தேடிப் போனதே வீணாகிவிடும். அவருக்கு ரத்தம்தான் பேசும். ரத்தம் எடுத்துக் கிரியாட்டினினை மட்டும் அச்சிட்டுக் கொடுத்தால் அதுவும் அரைகுறைப் பேச்சுதான். ஆகவே சிறுநீரில் அல்புமின் கிரியாட்டினின் விகிதம், ரத்தத்தில் இஜிஎஃப்ஆர், இந்த இரண்டும் சேர்ந்துதான் ஒரு சோதனை. ஒன்றை விட்டு மற்றொன்று போதாது.

இப்போது சிஸ்டாட்டின் சி பற்றி. என் இரண்டாவது கோரிக்கை இதுதான். இதில் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், மன்னிக்கவும்.

சிஸ்டாட்டின் சி 120 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சின்னப் புரதம். உட்கரு உள்ள எல்லா செல்களும் அதை ஏறக்குறைய ஒரே வேகத்தில் உற்பத்தி செய்கின்றன. சிறுநீரக வடிகட்டியில் தடையில்லாமல் இறங்கிவிடும். இறங்கியதை நுண்குழாய்கள் உறிஞ்சி உடைத்துவிடும், அது ரத்தத்துக்குத் திரும்புவதில்லை. அதனால் ரத்தத்தில் அது ஏறினால் வடிகட்டல் குறைகிறது என்று பொருள் கொள்ளலாம். ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஆன்டர்ஸ் க்ரப் குழுவினர் 1980-களிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். இதன் பெரிய நன்மை, தசையோடு இதற்குச் சம்பந்தம் மிகக் குறைவு. கால் எடுக்கப்பட்டவர், கல்லீரல் சுருங்கி உடம்பு வற்றியவர், புற்றுநோயால் மெலிந்தவர், படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டி, இவர்களின் உண்மையான சிறுநீரக நிலையைக் கிரியாட்டினினைவிட இது நன்றாகச் சொல்லும். மறுபக்கம், ஜிம்முக்குப் போய்ப் புரதப் பொடியும் கிரியாட்டின் என்ற சத்துப் பொடியும் சாப்பிடும் இளைஞருக்குக் கிரியாட்டினின் 1.4 வந்து வீடே பயந்துபோனால், அந்தப் பயம் தேவையா இல்லையா என்பதையும் இதுவே தெளிவாக்கும்.

இதற்கும் குறைகள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. தைராய்டு கோளாறு இருந்தால் மாறும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு ஏறும். உடல் பருமன், புகைபிடித்தல், உடம்பில் அழற்சி எல்லாம் இதைக் கொஞ்சம் கூட்டும். ஆகவே தனியாக இதை மட்டும் நம்பவும் கூடாது. கிரியாட்டினினையும் சிஸ்டாட்டின் சி-யையும் சேர்த்துப் போடும் சமன்பாடுதான் பெரும்பாலோருக்கு உண்மைக்கு மிக நெருங்கிய விடையைத் தருகிறது. சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டிக் குழுவான கேடிகோ 2012-லும் அதன் பிறகு 2024-லும் இதைப் பரிந்துரைத்திருக்கிறது. குறிப்பாக, கிரியாட்டினின் கணக்கில் 45-க்கும் 59-க்கும் இடையில் வந்து, சிறுநீரில் அல்புமின் இல்லாதவர்களுக்கு இது மிகவும் உதவும். இவருக்கு நோய் இருக்கிறது என்று சொல்லலாமா, வயதுக்கு ஏற்ற தேய்வு என்று விடலாமா என்று மருத்துவர்கள் தடுமாறும் இடம் அதுதான்.

இது பெருநகரத்துக்கு மட்டும் உரிய ஆடம்பரச் சோதனை என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அது சரியல்ல. சிஸ்டாட்டின் சி-யை அளக்கும், கலங்கலை வைத்துக் கணக்கிடும் டர்பிடிமெட்ரி ரீஏஜென்ட்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டோ அனலைசர்களில் பலவற்றிலேயே ஓடும். தனி இயந்திரம் தேவைப்படாது. 2010-ல் இதற்குச் சர்வதேச ஒப்பீட்டுப் பொருளும் வந்துவிட்டது. அதனோடு பொருத்தப்பட்ட கிட்டை மட்டுமே வாங்குவது என்று டெண்டரில் ஒரு நிபந்தனை வைத்தால் போதும். ரத்தத்தின் தெளிந்த நீரான சீரத்தைப் பிரித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் சில நாள் கெடாது. அதனால் வட்டார நிலையத்தில் சாம்பிள் எடுத்து மாவட்டத்துக்கு அனுப்பலாம். விலை கிரியாட்டினினைவிடப் பல மடங்கு என்பது உண்மை. எல்லாருக்கும் செய்யச் சொல்லவில்லை. சந்தேகம் வரும் சிலருக்கு மட்டும் செய்யச் சொல்கிறேன். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி விலையை இறக்கிய அனுபவம் உள்ள நிறுவனம். இந்த ரீஏஜென்ட்டையும் அதே வழியில் வாங்கினால் விலை இப்போதிருப்பதுபோல் நிச்சயம் இருக்காது.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். இந்தச் சமன்பாடுகள் எதுவும் நம்மை வைத்து உருவாக்கப்பட்டவை அல்ல. பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய மக்களின் அளவுகளை வைத்து வந்தவை. 2009-ன் சமன்பாட்டில் கறுப்பினத்தவருக்கு விடையை 1.159-ஆல் பெருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதனால் அவர்களின் சிறுநீரகம் இருப்பதைவிட நன்றாக இருப்பதுபோல் காட்டி, சிகிச்சையும் மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் இடமும் தாமதமாகின என்று அங்கே பெரிய விவாதம் நடந்தது. 2021-ல் இனத்தைக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். தெற்காசியர்களுக்கோ எந்தத் திருத்தமும் இருந்ததில்லை. கராச்சியில் உண்மையான வடிகட்டலை நேரடியாக அளந்து ஒப்பிட்ட மருத்துவர்கள் 2014-ல் தங்கள் மக்களுக்கென்று ஒரு திருத்தத்தை வெளியிட்டார்கள். வழக்கமான சமன்பாடு அங்கே வடிகட்டலைக் கூட்டிக் காட்டியது. நமக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்க நிறைய காரணம் இருக்கிறது: தசை குறைவு, புலால் குறைவு, உடலளவு சிறிது. தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரிகள் சில சேர்ந்து, ஐயோஹெக்சால் போன்ற பொருளைச் செலுத்தி வடிகட்டலை நேரடியாக அளந்து, கூடவே கிரியாட்டினினும் சிஸ்டாட்டின் சி-யும் பார்த்து, நம் மக்களுக்கான திருத்தத்தைக் கண்டுபிடிக்க ஒரு ஆய்வுக்கு நிதி ஒதுக்குங்கள். இது முடியும்வரை இஜிஎஃப்ஆர் அச்சிடுவதைத் தள்ளிப்போட வேண்டாம். கூட்டிக் காட்டும் ஒரு எண் 57 என்று சொன்னால், உண்மை அதைவிட மோசமாக இருக்கலாம் என்றுதான் பொருள்.

அடுத்த தலைமுறை மூலக்கூறுகளுக்கு வருகிறேன். ஆய்வுக் கட்டுரைகளில் வரும் பட்டியல் நீளமானது. 2015-ல் அமெரிக்காவின் எமோரி மருத்துவமனை நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள், ரத்தத்தில் சூபார் என்ற புரதம் அதிகம் உள்ளவர்களுக்கு வடிகட்டல் வேகமாகக் குறைவதைக் கண்டார்கள். சர்க்கரை நோயாளிகளிடம் டிஎன்எஃப் ஏற்பிகள் 1, 2 என்ற, அழற்சியோடு தொடர்புள்ள புரதங்கள் இரண்டும் எதிர்கால இழப்பை முன்கூட்டிச் சொல்வதாகப் பாஸ்டனின் ஜாஸ்லின் மையம் 2012-ல் காட்டியது. அந்த இரண்டோடு கிம்-1 என்ற புரதத்தையும் நோயாளியின் மற்ற விவரங்களையும் சேர்த்து ஆபத்தைக் கணிக்கும் கிட்னி-இன்டெல்-எக்ஸ் சோதனைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் அனுமதி அளித்தது. இவை நல்ல வேலைகள். ஆனால் இவை பெரும்பாலும் ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு அது எவ்வளவு வேகமாக முற்றும் என்று சொல்பவை. நோய் இருப்பதே தெரியாத ஒருவருக்கு முதலில் அவை தேவையில்லை. என்ஜிஏஎல் என்ற இன்னொரு மூலக்கூறு உண்டு, அது திடீரென்று சிறுநீரகம் அடிபடும்போது பயன்படுவது. சூபார் வேறு பல அழற்சிகளிலும், புகைபிடிப்பவர்களிடமும் ஏறும். இந்த வேறுபாடுகள் தெரியாமல் ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு விற்பனை தொடங்கிவிட்டால் நோயாளியின் பணம்தான் போகும்.

மூலக்கூறு அடையாளம் ஒன்று உண்மையிலேயே வாழ்க்கையை மாற்றிய இடமும் உண்டு. அதையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மெம்பரேனஸ் நெஃப்ரோபதி என்ற நோயில் சிறுநீரில் புரதம் கொட்டும், உடம்பு வீங்கும். சிறுநீரகத்தில் ஊசி போட்டுத் திசு எடுத்தால்தான் இன்ன நோய் என்று சொல்ல முடியும் என்ற நிலை வெகுகாலம் இருந்தது. 2009-ல் பாஸ்டனில் சிறுநீரக வடிகட்டியில் உள்ள பிஎல்ஏ2ஆர் என்ற ஏற்பிக்கு எதிராக உடம்பே உருவாக்கும் ஆன்டிபாடி கண்டுபிடிக்கப்பட்டது. வேறு காரணம் இல்லாமல் வரும் இந்த நோயாளிகளில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினருக்கு அது ரத்தத்தில் இருக்கிறது. வடிகட்டல் நன்றாக இருந்து, புரதம் பெருமளவு ஒழுகும் ஒருவருக்கு இந்த ரத்தச் சோதனை பாசிட்டிவ் என்றால், திசு எடுக்காமலேயே நோயை உறுதிசெய்யலாம் என்று கேடிகோ 2021-ல் சொல்லிவிட்டது. மருந்து வேலை செய்கிறதா என்பதையும் அதே ஆன்டிபாடியின் அளவு சொல்லும். இந்தச் சோதனை நம் அரசு மருத்துவக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். இதே நோயின் இன்னொரு வகையில், திசுவில் நெல்-1 என்ற புரதம் படிந்திருக்கும் நோயாளிகளில் கணிசமானோர் நாட்டு மருந்து சாப்பிட்டவர்கள் என்பதையும், அந்த மருந்துகளில் பாதரசம் இருந்ததையும், மருந்தை நிறுத்தியதும் பலர் தேறியதையும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2022-ல் எழுதினார்கள். கேரளத்தில் மலப்புரம் பக்கம் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்களிடமும் இதே நெல்-1 வகை நோயே கண்டறியப்பட்டது. சரியான மூலக்கூறு, சரியான கேள்விக்குப் பதில் சொன்னால், நோயின் பெயர் மட்டுமல்ல, அதன் காரணமும் கையில் கிடைக்கிறது.

தனியார் லேப்களை நடத்துபவர்களிடம் ஒரு வார்த்தை. முழு உடல் பரிசோதனை என்று எண்பது, தொண்ணூறு சோதனைகளை ஒரு பேக்கேஜாக விற்கிறோம். விளம்பரத்தில் 'கிட்னி ப்ரொஃபைல்' என்று இருக்கும். அதில் யூரியா இருக்கும், யூரியாவிலிருந்து கணக்குப் போட்ட யூரியா நைட்ரஜனை இன்னொரு சோதனையாக எண்ணியிருப்போம், யூரிக் அமிலம் இருக்கும், கால்சியம் இருக்கும். சிறுநீர் அல்புமின் கிரியாட்டினின் விகிதம் பல பேக்கேஜ்களில் இருக்காது. நோயைக் கண்டுபிடிக்க அத்தியாவசியமான இரண்டு சோதனைகளில் ஒன்றை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் கூட்டுவது நம்மை நம்பி வருகிறவர்களுக்கு நியாயமாகாது. இதற்கு அரசு உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே பேக்கேஜைத் திருத்தலாம்.

சீக்கிரம் கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு காலத்தில் கேட்டார்கள். அதற்கு இப்போது இடமில்லை. ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, ராமிப்ரில், டெல்மிசார்டன் வகை மருந்துகளால் புரதக் கசிவைக் குறைத்தால் நோய் மெதுவாகும் என்பது வெகுநாளாகத் தெரிந்தது. 2020-ல், சர்க்கரை நோய்க்கென்று வந்த டபாக்ளிஃப்ளோசின் மாத்திரை, சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் டயாலிசிஸைத் தள்ளிப்போடும் என்று பெரிய சோதனையில் நிரூபணமானது. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியாவில் அதன் முதல் காப்புரிமை முடிந்து, பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கி, விலை வெகுவாகக் குறைந்தது. மருந்து மலிவாகக் கையில் இருக்கிறது. யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியது எங்கள் லேப்கள். நாங்கள் 'நார்மல்' என்று அச்சிட்டால் அந்த மாத்திரை அந்த அம்மாவிடம் போய்ச் சேராது.

சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி அவர்கள் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் 1990-களின் பிற்பகுதியில் சென்னைக்கு அருகே உள்ள கிராமங்களில் செய்ததை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கவும், சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தைக் கொண்டு சிறுநீரில் புரதமும், பெனடிக்ட் கரைசலைக் கொண்டு சர்க்கரையும் பார்க்கவும் வைத்தார். ரிசர்பின், ஹைட்ரோகுளோரோதயசைடு, மெட்ஃபார்மின் போன்ற மலிவு மருந்துகளை வைத்தே நிறையப் பேரின் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு தனி அறக்கட்டளை அவ்வளவு சின்னக் கருவிகளோடு செய்ததை, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் மாநிலம் முழுக்கச் செய்ய முடியும். அவர்கள் ஏற்கெனவே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலில் கொடுக்கிறார்கள். வயிற்று வழி டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குத் திரவப் பைகளையும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பை தேவைப்படும் நிலைக்கு வருவதற்குப் பத்து வருடம் முன்பே அதே வீட்டு வாசலில் ஆண்டுக்கு ஒரு முறை ரத்தமும் சிறுநீரும் வாங்கி, விடையைப் புரியும்படி எழுதிக் கொடுக்கலாமே.

நடைமுறைச் சிரமங்கள் என்னவென்று எனக்குத் தெரியும். லேபுக்கு வரும் சீட்டில் வயது பல நேரம் ஒரு குத்துமதிப்புதான். 'ஐம்பது இருக்கும்' என்று எழுதியிருப்பார்கள், ஆதாரில் பார்த்தால் அறுபத்து நான்கு. இஜிஎஃப்ஆர் கணக்கில் இது விடையை மாற்றிவிடும். ஆகவே சீட்டு எழுதும் இடத்திலேயே பிறந்த ஆண்டைக் கேட்டு எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும். கணினி இல்லாமல் கையால் ரிப்போர்ட் எழுதும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வயது, ஆணா பெண்ணா என்பது, கிரியாட்டினின் பார்த்து விடையைப் படித்துக்கொள்ளும் அட்டவணை ஒன்றைச் சுவரில் ஒட்டலாம். கர்ப்பிணிகளுக்கும், திடீரென்று உடம்பு மோசமாகி அனுமதிக்கப்பட்டவர்களுக்கும், டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்ற குறிப்பும் அதில் வேண்டும். குழந்தைகளுக்கு வேறு சூத்திரம் இருக்கிறது.

இன்னொரு கவலையும் நியாயமானது. அறுபதுக்குக் கீழே என்று அச்சானதும் மக்கள் பயந்துபோய் மருத்துவமனைகளை மொய்ப்பார்கள், ஏமாற்றுக்காரர்கள் அந்தப் பயத்தில் காசு பார்ப்பார்கள். அதைத் தடுக்கத்தான் ரிப்போர்ட்டின் அடியில் இரண்டு வரி வேண்டும்: ஒரு முறை குறைந்திருந்தால் அது நோய் என்று முடிவல்ல, மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள், கூடவே சிறுநீர் அல்புமின் சோதனையும் செய்யுங்கள், அதுவரை வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். இதைத் தமிழில் எழுத வேண்டும். வயலில் வேலை செய்துவிட்டு நேராக வந்து ரத்தம் கொடுத்தவருக்கு உடம்பில் நீர் வற்றியதாலேயே கிரியாட்டினின் ஏறியிருக்கலாம். அவருக்கு அந்த மறுசோதனை ரொம்ப முக்கியம். மறுசோதனையிலும் குறைவாகவே இருந்து, சிறுநீர் சுத்தமாக இருப்பவர்களுக்குத்தான் மாவட்டத்தில் சிஸ்டாட்டின் சி.

இங்கிலாந்தில் 2006-லிருந்தே லேப்கள் கிரியாட்டினினோடு இஜிஎஃப்ஆரைத் தானாகவே கொடுத்துவருகின்றன. உலக சுகாதார மாநாடு 2025 மே மாதம் சிறுநீரக நலத்துக்கென்று முதல் முறையாக ஒரு தீர்மானமே நிறைவேற்றியது. நம் பெருநகரத் தனியார் லேப்கள் சிலவும் ஏற்கெனவே இதை அச்சிடுகின்றன. சென்னையில் ஒருவருக்குக் கிடைக்கும் அந்தக் கூடுதல் வரி, தர்மபுரியிலோ ராமநாதபுரத்திலோ ரத்தம் கொடுப்பவருக்குக் கிடைக்காமல் இருக்க எந்தக் காரணமும் இல்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கு அரசு பணம் கொடுக்கிறது. அந்தச் செலவில் ஒரு சிறு பங்கை எடுத்து அல்புமின் விகிதம், சிஸ்டாட்டின் சி, பிஎல்ஏ2ஆர் ஆகிய மூன்று சோதனைகளையும் தேவைப்படுவோருக்கு அதே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். இஜிஎஃப்ஆருக்கோ பணமே வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். அந்தச் சுற்றறிக்கையை எழுத உயிர்வேதியியல் துறையிலிருந்து ஆள் வேண்டுமென்றால், என்னைப் போன்றவர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறோம். ஒரு நாள் கூட்டம் போட்டு அழைத்தால் சொந்தச் செலவில் வந்து உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாக எழுதித் தருவோம். வரும் மார்ச் மாதம் இரண்டாம் வியாழக்கிழமை உலகச் சிறுநீரக நாள். அதற்கு முன்பாக இந்த உத்தரவு வெளிவர ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பரிசோதனைக்கூட உயிர்வேதியியலாளர்